நஸீமா வீட்டு மிச்சச் சோறு

போன வார அத்தியாயத்தை மழையில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் முழுக்க வெயில்.

சித்திரை வெயில். அக்குறணைக் கடைத்தெருவைத் தாண்டி, மாத்தளை வீதியோரம் ஒரு பலா மரத்து நிழலில் என் கார் நிற்கிறது. நிறுத்தியது நான்தான். சிக்னல் விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. அணைக்கக் கை வரவில்லை. ஜன்னல் வழியாக முதலில் டீசல் புகை வருகிறது. அதற்குப் பின்னால் பழுத்த பலாவின் வாசம். அதற்கும் பின்னால், எந்த வீட்டு முற்றத்திலோ காயப்போட்ட கிராம்பின் காரமான வாசம். இங்கே அதைக் கறாம்பு என்போம்.

பக்கத்து இருக்கையில் பவானி. அவள் மடியில் ஓர் அந்தூரியம் பூச்சாடி. நாவலப்பிட்டியிலிருந்து அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருகிறாள். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அதன் இலை என் முழங்கையைத் தட்டியது.

"ஏன் நிப்பாட்டினனீ?"

"கார் சூடாயிருச்சு."

"காரோ, நீயோ?"

பவானி யாழ்ப்பாணத்துக்காரி. கல்யாணமாகி நாவலப்பிட்டிக்கு வந்து, எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவள். சுற்றிலும் 'வாங்க, போறோம்' என்று பேசுகிற ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அவளுடைய 'ஓம்' ஒரு மாத்திரைகூடத் தேயவில்லை.

"பவானி, திருப்பிக்கிட்டுப் போயிருவோமா? இன்னொரு நாளைக்கு வருவோம்."

"இன்னொரு நாள்! இருபத்தைஞ்சு வருசமா உந்த இன்னொரு நாள்தானே. அவள் சமைச்சு வச்சிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறாள். இறங்கு. ஒரு தம்பிலி குடிப்பம், தலைக்குக் குளிர்ச்சி."

சாலைக்கு அந்தப் பக்கம், செம்மஞ்சள் குலைகளைத் தொங்கவிட்டு ஒருவர் தம்பிலி விற்றுக்கொண்டிருந்தார். செவ்விளநீரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பவானி பூச்சாடியோடு இறங்கிப் போனாள். நான் இறங்கவில்லை.

இன்னும் ஐந்து நிமிஷம் ஓட்டினால் அலவத்துகொட. அங்கே நஸீமா. இருபத்தைந்து வருஷமாக நான் கால் வைக்காத வீடு. ஏன் வைக்கவில்லை என்பதை இன்றைக்கு அவளிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் என்னை வெளியே போகச் சொல்லலாம். சொல்லாவிட்டால் அவள் போடும் சோற்றை நான் எப்படி விழுங்குவது?

ஒரே ஒரு நாள்

எனக்குச் சும்மா இருக்க வராது. வீட்டில் இருந்தால் சாலை வேண்டும். சாலையில் இருந்தால் அடுத்த வளைவு வேண்டும். கார் ஓட்டப் பழகிய காலத்தில், பழக்கியவர் என்னைக் கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கூட்டிப்போய், "இந்த வளைவுகளில பயம் வரலன்னா உங்களுக்கு லைசன்ஸ் குடுக்கவே கூடாது" என்றார். பயம் வந்தது. ஆனால் இறங்கியதும் மறுபடி ஏறினேன். அன்றைக்கு மட்டும் மூன்று தரம்.

சித்திரை விடுமுறையில் ஹந்தானைச் சரிவிலிருக்கும் எங்கள் வீடு அடுப்பில் மறந்துபோன தோசைக்கல் மாதிரிக் காய்ந்தது.

"பவானிகிட்ட ஒரு நாள் போய்ட்டு வந்துடுறேன்" என்றேன்.

"ஒரு நாள்தானே?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரே ஒரு நாள்."

அவர் நம்பவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து முட்டைகளைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

பேராதனைப் பாலம், கெலிஓயா, கம்பளை. நாவலப்பிட்டி வரைக்கும் மகாவலி கூடவே வரும். சில இடத்தில் சாலைக்கு இடது பக்கம், சில இடத்தில் வலது பக்கம், சில இடத்தில் காணாமல் போய், வீடுகளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு மறுபடி எட்டிப்பார்க்கும். அன்றைக்குத் தண்ணீர் குறைவு. பாறைகள் முதுகு காட்டிக்கொண்டு படுத்திருந்தன. அவற்றின் மேல் யாரோ துவைத்த சேலைகள், நீளநீளமாக, மஞ்சளும் நீலமுமாக. நதிக்கே உடுத்திவிட்டது போல.

பவானி வாசலில் நின்றாள். தேத்தண்ணீர் தந்தாள். தந்த கையோடு, "மகன் டிக்கற் போட்டிட்டான். ஜூனில கனடாவுக்குப் போறன். இனி அங்கதான்" என்றாள்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அழுது கிழுது வைக்காதை. போறதுக்கு முதல் எனக்கு ஒரே ஒரு ஆசை இருக்கு. நாங்கள் மூண்டு பேரும் ஒரு மேசையில இருந்து சாப்பிட வேணும். நாளைக்கு அலவத்துகொட. நஸீமாவுக்குச் சொல்லிப்போட்டன்."

"என்னயக் கேக்காமயா?"

"கேட்டா நீ மாட்டன் எண்டுவாய். அதுதான் கேக்கேல்லை."

மூன்று தமிழ், ஒரு கடை

எங்கள் மூவரையும் சேர்த்துவைத்தது ஒரு கடை. தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தொன்றில் ஒரு 'கொமினிகேஷன்'. கையிலே போனோடு பிறந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று விளங்காது. வெளிநாட்டுக்குப் பேசவும், ஃபேக்ஸ் அனுப்பவும், அடையாள அட்டையைப் போட்டோ கொப்பி எடுக்கவும் ஊரே அங்கேதான் வரும். பலகையடித்த மூன்று கூண்டுகள். உள்ளே நின்று டோஹாவோடும் டொரன்டோவோடும் கத்துவார்கள். பலகை மெல்லியது. எல்லாருடைய கண்ணீரும் எங்களுக்குக் கேட்கும்.

கவுண்டரில் நாங்கள் மூவர். மூவரும் தமிழ். ஆனால் மூன்று தமிழ்.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. "முதலாளி ஒன்னயப் பத்தி ரொம்ப நேரம் பேசினாரு" என்று பவானியிடம் சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் என்ன பிழை விட்டனான்?" என்றாள். அவள் ஊரில் பேசுவதென்றால் திட்டுவது. சாதாரணமாகப் பேசுவதைக் கதைப்பது என்பார்கள். அந்த மனுஷன் பாவம், அவளுடைய உருண்டை உருண்டையான கையெழுத்தைத்தான் புகழ்ந்திருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: நல்ல சேதி என்றால் 'கதைத்தார்', கெட்ட சேதி என்றால் 'பேசினார்'.

என் பெயர் மல்லிகா. அதை மல்லி என்று சுருக்கிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. காகிதக் கட்டுக் கொண்டுவருகிற ஆள், "மல்லி எங்கே, அவரிடமே கையெழுத்து வாங்கணும்" என்று என்னைத் தாண்டி எட்டிப் பார்த்ததோடு அது நின்றது.

நஸீமாதான் அதிகம் சிரிப்பவள். அவள் சிரித்தால் கூண்டுக்குள் அழுதுகொண்டிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எங்களோடு இருக்கும்போது அவள் எங்கள் பேச்சையே பேசுவாள். வீட்டுத் தமிழை அலவத்துகொட பஸ்ஸிலேயே விட்டுவிட்டுத்தான் கடைக்குள் நுழைவாள். ஏனென்று கேட்டால், "அது உங்களுக்கு வெளங்காது. நீங்க சிரிப்பீங்க" என்பாள்.

நாங்கள் சிரித்திருக்க மாட்டோம். சிரித்திருந்தாலும் நல்லதாகப் போயிருக்கும். ஒரு தரம் சிரித்து, ஒரு தரம் விளக்கம் கேட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இல்லை.

ஒரு சொல்

நஸீமாவின் மூத்த நாநாவுக்குக் கல்யாணம். நாநா என்றால் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை அலவத்துகொட வீட்டில் விருந்து. கடையை யாராவது பார்க்க வேண்டும் என்று பவானி நின்றுகொண்டாள். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளம்பினேன். தோட்டத்து பஸ் வரவே இல்லை. நடந்து, ஏறி, மாறி, மறுபடி ஏறி, நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பந்தலுக்குக் கீழே பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பெரிய தேக்சாக்களைத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கிற சத்தம்.

குசினி வாசலில் நஸீமா நின்றாள். பச்சைப் பட்டு, முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் வெளிச்சம். என்னைக் கண்டதும் முழுக் குரலில் கத்தினாள்:

"மல்லிகா! எனத்துக்கு இவ்வளவு சொணங்கின? வா, வா! மிச்சம் சோறு ஈக்கி, வெக்கப்படாமத் தின்னு!"

அவள் வீட்டுத் தமிழை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவளை மீறி வந்த தமிழ் அது. ஆனால் என் காதில் ஒரு சொல்தான் விழுந்தது.

மிச்சம்.

அம்மா துரை பங்களாக் குசினியில் வேலை பார்த்தவள். பொழுது சாயும்போது இனாமல் கேரியரோடு வருவாள். வாசலிலேயே நாங்கள் கேட்போம்: "இன்னிக்கு மிச்சம் என்னாம்மா?" எங்களுக்கு மிச்சம் என்பது ராச்சாப்பாட்டின் பெயர். யாரோ கடித்து வைத்த கோழிக்கால். யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய புடிங். முதல் சம்பளம் வாங்கிய அன்று அம்மாவிடம் சொன்னேன்: "இனிமே நம்ம வீட்டுக்கு மிச்சம் வேணாம்மா." அம்மா கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

அப்படிப்பட்டவளை ஊர் நடுவில் நிற்கவைத்து, எல்லாரும் தின்றது போக மிஞ்சியிருக்கிறது, வெட்கப்படாமல் தின்னு என்றால்?

"வயிறு சரியில்ல" என்றேன். தந்த தேத்தண்ணீரில் பாதியைக் குடித்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

திங்கட்கிழமை என்னைப் போட்டோ கொப்பி மெஷின் பக்கம் மாற்றிவிடச் சொல்லி முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். நஸீமாவும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்கு இன்னும் கோபமாயிருந்தது. இரண்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம். வேலையை விட்டேன். அவளுக்கு அழைப்பிதழ் தபாலில் போனது. அவள் வரவில்லை.

பக்கத்துக் கட்டில்

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் அக்குறணைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கு அது மூன்றாவது. எனக்கு எல்லாமே புதுசு. அவள் எட்டி என் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், புள்ள மிச்சம் அழகு" என்றாள்.

"மிச்சமா?"

"ஓ. மிச்சம், மிச்சம் அழகு."

"அப்புடின்னா?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போல இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள். "மிச்சம் என்டா, நெறைய. கூட. அவ்வளவு அழகு."

நான் அழ ஆரம்பித்தேன். தையல் வலிக்கிறதாக்கும் என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

நிறையச் சோறு இருக்கிறது, வெட்கப்படாமல் தின்னு. அவள் சொன்னது அவ்வளவுதான். சுணங்கி வந்தேனே, ஒன்றும் இருக்காது என்று நான் கூச்சப்படக் கூடாதே என்று அள்ளி அள்ளிச் சொன்ன சொல்.

உடனே எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். 'நீ எனக்கு மிஞ்சியதைப் போட்டாய் என்று நினைத்தேன்' என்று எப்படி எழுதுவது? அந்த வரியைப் படிக்கும்போது அவள் முகம் எப்படிப் போகும்? மகளுக்குப் பல் முளைத்த பிறகு பார்க்கலாம் என்று வைத்தேன். மகள் இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறாள்.

இதையெல்லாம் கம்பளைக்குக் கிட்டே, காரை ஓட்டிக்கொண்டே பவானியிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அந்தூரியத்தின் இலை நடுங்கியது. திரும்பிப் பார்த்தால், சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

"விசரி. எனக்கு அப்பவே சொல்லியிருந்தா ஒரு நிமிசத்தில தீர்த்திருப்பனே."

"நீ அன்னிக்குக் கடையிலதான இருந்த."

"அடுத்த நாளும் கடையிலதானே இருந்தனான்!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா இதை நீதான் சொல்ல வேணும். நான் வாய் திறக்க மாட்டன்" என்றாள்.

பத்துத் தம்பிலி

இப்போது பலா மரத்து நிழலுக்குத் திரும்பிவிட்டேன். சிக்னல் விளக்கு இன்னும் டிக் டிக்.

தம்பிலிக்காரர் வயதானவர். வெள்ளைத் தொப்பி, சாரம். பவானியையும் பூச்சாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க நாவலப்பிட்டிலேந்து வார ஆக்களா?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"நஸீமா காலையிலயே போன் பண்ணிச் சென்னா. கூட்டாளிமார் ரெண்டு பேர் வாராங்க, நல்ல தம்பிலியாப் பாத்து பத்துக் காய் அனுப்புங்க என்டு. அங்கதானே போற? அப்ப இதயும் கொண்டு போங்க. டிக்கியத் தொறக்கச் செல்லுங்க."

திரும்பிப்போகிற யோசனை அந்த இடத்திலேயே முடிந்தது. பத்துத் தம்பிலியை டிக்கியில் வைத்துக்கொண்டு யார் தப்பி ஓட முடியும்? நான் இறங்கிப் போய்த் திறந்தேன். குலையின் ஒரு பக்கத்தை நான் பிடித்ததும் அவர் பதறினார்.

"பாத்து, பாத்து! பாரம் மிச்சம்!"

பவானி என்னைப் பார்த்தாள். நான் பவானியைப் பார்த்தேன். அவ்வளவுதான். நான் குலையையும் அவள் பூச்சாடியையும் பிடித்தபடியே வெடித்துவிட்டோம். நடு வீதியில், ஐம்பது வயதில், பஸ்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்கச் சிரித்தோம். பெரியவர் ஒன்றும் விளங்காமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மண்டையில சுகமில்லாத ஆக்களா?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

ஸ்டிக்கர் ஒட்டிய கரண்டி

மேட்டில் ஏறி இறங்கும் ஒரு குறுகிய ஒழுங்கையின் முடிவில் அந்த வீடு. முற்றத்தில் சாக்கு விரித்துக் கறாம்பு காயப்போட்டிருந்தது. படியில் நஸீமா. கொஞ்சம் தடித்திருந்தாள். மூக்குக் கண்ணாடி. கண்கள் மட்டும் பழைய கவுண்டரிலிருந்து அப்படியே எடுத்துவந்தவை.

பூச்சாடியை வாங்கிப் படியில் வைத்துவிட்டுப் பவானியைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் கையை நீட்டினாள். ஈரமான, குளிர்ந்த கை.

"வாங்க மல்லிகா. பயணமெல்லாம் சுகமா?"

வாங்க. என்னை 'நீ' என்று கூப்பிட்டவள். அந்த ஒரு 'வாங்க' நாவலப்பிட்டியிலிருந்து ஓட்டிவந்த தூரத்தைவிட நீளமாக இருந்தது.

மேசை நிறையக் கிண்ணங்கள். பொலோஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல், லீக்ஸ், பருப்பு, முந்திரிக்காய்க் கறி, பப்படம். இறைச்சி இல்லை. மீன் இல்லை. ஒரு கருவாட்டுத் துண்டுகூட இல்லை. நஸீமாவின் கணவர், நானாகவே நாநா என்று கூப்பிட்டுவிட்ட நல்ல மனுஷன், கத்தரிக்காயைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் புதுச் சட்டி" என்றாள் நஸீமா, எங்கள் தமிழில், பாடம் ஒப்பிப்பது போல. "எல்லாம் மரக்கறி மட்டும்தான். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. சாப்பிடுங்க."

கரண்டியை எடுத்தேன். அதன் பிடியில் கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. எல்லாக் கரண்டியிலும்.

இனி முடியாது என்று தோன்றியது.

"நஸீமா, ஒன்னு சொல்லணும். அன்னிக்கு ஒங்க மூத்த நாநா கல்யாணத்துல நான் சாப்பிடாமப் போனது..."

அவள் முகம் வெளுத்தது. கையில் இருந்த கிண்ணத்தை வைத்தாள்.

"தெரியும். நீ கண்டுட்டாயென்டு எனக்கி அப்பவே தெரியும்."

"என்னாத்த?"

"அகப்பய."

"எந்த அகப்பய?"

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்குப் பந்தலுக்கு மாட்டிறைச்சி. எனக்கென்று மட்டும் அவளே தனியாக, புதுச் சட்டியில், கோழி சமைத்து மூடி வைத்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே திரும்பினால், அவளுடைய சின்னம்மா, சாச்சி என்பார்கள், மாட்டிறைச்சி அகப்பையை எடுத்துக் கோழிச் சட்டிக்குள் விட்டுக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். மறுபடி என்னைத் திரும்பிப் பார்த்தால், என் முகம் மாறிக் கிடக்கிறது.

"நீ கண்டுட்டாய், அதான் தின்னாமப் போறாயென்டு நெனச்சன். கேட்டா ஓ என்டு செல்லிருவாயென்டு பயம். ஒன்ட கல்யாணத்துக்கும் எந்த மூஞ்சோட வார?"

புதுச் சட்டி. ஸ்டிக்கர் ஒட்டிய கரண்டி. பெருநாளைக்கு ஆடு அறுக்கிற வீட்டில் ஒரு கருவாட்டுத் துண்டுகூட இல்லாத மேசை. கரண்டியை மேசையில் வைத்தேன்.

"நான் அகப்பயப் பாக்கல நஸீமா. நீ சொன்னதுதான் காதுல விழுந்துச்சு. மிச்சம் சோறு இருக்குன்னு சொன்ன. எங்க ஊர்ல மிச்சம்னா... தின்னது போக மிஞ்சினது."

அவள் உதடுகள் அசைந்தன. மிச்சம், மிச்சம் சோறு என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு தரம் அவள் தமிழில், ஒரு தரம் என் தமிழில். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"நான் ஒனக்கு மிஞ்சினதப் போடுவனென்டா நெனச்ச?"

நான் பயந்த கேள்வி அதுதான். இருபத்தைந்து வருஷம் சுற்றுப்பாதையில் ஓடி அதன் முன்னாலேயே வந்து நின்றேன்.

"நெனச்சேன்" என்றேன்.

நாநாவின் கைகூடத் தட்டிலேயே நின்றது.

"இப்பவுமா?"

"இல்ல. மகள் பொறந்த அன்னிக்கே வெளங்கிருச்சு. வந்து சொல்லத்தான் வெக்கம்."

நஸீமா எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து நானும் பாதி எழுந்தேன். ஸ்டிக்கர் ஒட்டிய கரண்டியாலேயே என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"அறிவு கெட்டவளே! செய்யாத பாவத்துக்கு இருவத்தஞ்சு வருசம் அழ வச்சீக்கிறாயேடி!"

அடித்த கையே என்னை இழுத்து அணைத்தது. கறாம்பும் வேர்வையும் சவர்க்காரமும் கலந்த வாசம். அழுதோமா சிரித்தோமா என்று கேட்காதீர்கள். எது முதலில் வந்ததென்று எனக்குத் தெரியாது.

"அகப்பைக்கு இவ்வளவு பாடோ?" என்றாள் பவானி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "போன வருசம் இவளோட கொழும்புக்குப் போனனான். ஸ்டேசன் கடையில றோல்ஸ் எண்டு சொல்லி ரெண்டு வெட்டினவள். உள்ளுக்கு என்ன எண்டு ஒரு வார்த்தை கேட்டவளோ?"

"மீன்னு நெனச்சேன்!"

"மீனுக்குக் கொம்பு முளைச்சிருக்கும்."

நஸீமாவின் பழைய சிரிப்பு வெளியே வந்தது. கூண்டுக்குள் அழுதவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்த அதே சிரிப்பு. நாநா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தார்.

"அப்ப நான் காலையிலேந்து கத்தரிக்காய் தின்டது எனத்துக்கு?"

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டோம். மூன்று தரம் சோறு போட்டாள். போதும் போதும் என்றால், "மிச்சம் போடல்ல. கொஞ்சம்தான் போட்டீக்கி" என்று கண்ணடித்தாள்.

நாலு கதிரை

முற்றத்தில் தம்பிலி குடித்துக்கொண்டிருந்தபோது நஸீமா கேட்டாள்: "கடையில வேல செஞ்ச காலத்துல நீ என்ன ஒரு நாளும் ஒங்கட ஊட்டுக்குக் கூப்பிடல்லயே. ஏன்?"

"தோட்டத்து லயத்துல ஒரே ஒரு அறை நஸீமா. ஒன்னய எங்க ஒக்கார வைக்கிறதுன்னு வெக்கம்."

"நீ வெக்கப்படாத நாள் ஒண்டு ஈக்கா?" என்றாள். "சரி, இப்ப?"

"இப்ப நாலு கதிரை இருக்கு."

"அப்ப வாரன்."

"எப்ப?"

"இப்ப."

நாநாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் எழுந்து கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். "போங்க, போங்க. நல்லா இருந்துட்டு நாளைக்கி வாங்க. நான் கடையில கொத்து ரொட்டி எடுத்துக்குவன். பீஃப் கொத்து."

ஒரு மாற்று உடுப்புகூட எடுக்கவில்லை. கைப்பையும் மூக்குக் கண்ணாடியும் மட்டும். பின் இருக்கையில் ஏறி, இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் தலையை நீட்டி வைத்துக்கொண்டாள். கண்டி வரைக்கும் அந்தத் தலை அங்கேயேதான் இருந்தது. என் கண்ணாடியில் சாலையே தெரியவில்லை. முதலாளியின் கதை, டோஹாவுக்குக் கத்தியவர்களின் கதை, பவானி கனடாவில் பனியில் சறுக்கி விழப்போகிற கதை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. கீழே மகாவலி, பித்தளையைத் தேய்த்து விரித்த மாதிரி. ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டேன். மூன்று பேருடைய தலைமயிரும் ஒரே காற்றில் கலைந்தது. மூன்றும் நரை.

வீட்டுக்காரர் கேட்டைத் திறந்தார். காருக்குள் குனிந்து பார்த்தார்.

"ஒரு ஆளைத்தானே எதிர்பார்த்தேன்."

"ஒரு நாள்னுதான் சொன்னேன். ஒரு ஆளுன்னு சொல்லலியே."

அவர் பருப்புக்கறி வைத்திருந்தார். பாண் ரொட்டி வாங்கி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த சமையல் அவ்வளவுதான். இருந்த கதிரைகளைத் துடைத்து, அவசரமாக வரிசையாகப் போட்டார்.

பவானி உட்கார்ந்தாள். நஸீமா உட்காரவில்லை. நாலு கதிரையையும் தாண்டி நேரே குசினிக்குள் போனாள். பாணில் ஒரு மூலையைப் பிய்த்தாள். பருப்பில் தோய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள்.

"உப்பில்லயே இதுல. எங்க வச்சீக்கி உப்ப?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அலுமாரியைத் திறந்தாள். முதல் டப்பாவில் சீனி. அடுத்ததில் ரவை. அதற்கடுத்த டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே, அதென்ன, இதென்ன என்று எதையோ முணுமுணுத்தாள். உப்பு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. கதவோரம் சாய்ந்து, அவள் என் வீட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.